ரேடியோவோடு சேர்த்து சப்ளையரையும்தான் வாங்குகிறோம்

வள்ளியூரைத் தாண்டித் தென்கிழக்கே ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று கடல்வரை போகும் பகுதியில் ஊர்கள் சிறியவை. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பவை. நடுவே பனங்காடு, தேரிமண், காற்றாலை. பத்து வீட்டுக்காக மூன்று நான்கு கிலோமீட்டர் ஃபைபர் இழுத்தால் போட்ட பணத்தை எடுக்க வருடக்கணக்காகும். இழுத்த பிறகும் ரோட்டை அகலப்படுத்த ஒரு ஜே.சி.பி. வந்தால் போதும், எல்லாம் அறுந்து கிடக்கும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற சிறு ஆபரேட்டர்கள் வயர்லெஸ்ஸுக்கு வந்தோம். லைசென்ஸ் வைத்திருக்கும் ஓர் இன்டர்நெட் நிறுவனத்தின் கீழ் நாங்கள் பார்ட்னர். வள்ளியூர் வரை ஃபைபரில் வரும் இணைப்பை, டவரிலிருந்து டவருக்கு பேக்ஹால் ரேடியோ (டவர்களுக்கு இடையே டேட்டாவைக் கடத்தும் கருவி) வழியாகக் கொண்டுபோய், ஊருக்கு ஊர், சுற்றியுள்ள வீடுகளுக்குச் சிக்னல் பரப்பும் செக்டார் ஆன்டெனாவில் இறக்குகிறோம். வீட்டு மொட்டைமாடியில் ஜி.ஐ. பைப்பில் கட்டிய சின்ன ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

இ-சேவை மையம், காற்றாலை சைட் ஆபீஸ், பள்ளிக்கூடம், மொத்த வியாபாரக் கடை என்று ஆரம்பித்தோம். 2020 ஊரடங்கில் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் லேப்டாப்போடு ஊர் திரும்பியபோது வீடுகளும் கேட்டன. மாதம் 500, 600 ரூபாய் கட்டும் வீடு. அந்த வீட்டுக்கு ஒருமுறை வண்டி எடுத்துப்போய் ஏணி வைத்து ஏறி இறங்கினால் அந்த மாதத்து லாபம் தீர்ந்துபோகும். இந்தத் தொழிலில் கெட்டுப்போகிற ரேடியோவின் விலையைவிட அதைப் பார்க்கப் போய்வருகிற செலவு அதிகம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் கோபமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஐப்பசி மின்னலையும் ஆடிக்காற்றையும் சமாளிக்கப் பழகிவிட்டோம். பல வருடம் திணறியது ஒரு ரேடியோ கம்பெனியிடம். பெயர் வேண்டாம். அதே கம்பெனியின் சரக்கை வைத்து நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. விலை குறைவு. மெனு எளிது, புதிதாக வந்த பையனும் ஒரு வாரத்தில் பழகிவிடுவான். ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே உடலில் இருப்பதால் பைப்பில் கட்டித் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. முதல் இரண்டு டவரில் ஓடிய ரேடியோக்கள் வருடக்கணக்காக ஒரு புகாரும் இல்லாமல் ஓடின. அந்த நம்பிக்கையில்தான் மற்ற டவர்களுக்கும் அதையே போட்டோம்.

இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டு வைஃபை ரௌட்டரை எந்த போனும் பிடிக்கும். வெளிப்புற ரேடியோ அப்படியில்லை. செக்டாரில் நாற்பது ஐம்பது வீடு தொங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நேரப்பங்கீட்டு முறை வைத்திருக்கிறது. அந்த முறை இன்னொரு கம்பெனியின் ரேடியோவுக்குப் புரியாது. ஆகவே டவரில் ஒரு செக்டாரை ஏற்றிய நாளிலேயே அதன் கீழே வரும் எல்லா வீட்டு ரேடியோவையும் அதே கம்பெனியிடம் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். டவர் ரேடியோவை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை வீட்டு மொட்டைமாடியிலும் ஏற வேண்டும். பெண் கொடுத்த வீட்டோடு சண்டை போட முடியாத நிலைமை மாதிரிதான் இது. சப்ளையருக்கும் இது நன்றாகத் தெரியும்.

பிரச்சினை ஆரம்பித்தது ஒரு புது லாட் வந்தபோது. அட்டைப்பெட்டியில் அதே மாடல் பெயர், அதே படம். சீரியல் ஸ்டிக்கரின் ஓரத்தில் மட்டும் ரிவிஷன் எழுத்து மாறியிருந்தது. உள்ளே சிப் வேறு. நாங்கள் எல்லா டவரிலும் ஓட்டிக்கொண்டிருந்த, நன்றாகப் பழகிய பழைய ஃபர்ம்வேர் (ரேடியோவை இயக்கும் உள் மென்பொருள்) அதில் ஏறவில்லை. புதியதைத்தான் போட முடியும். ஒரே செக்டாரில் பழைய வீடுகளில் பழைய ஃபர்ம்வேர், புதிய வீடுகளில் புதிய ஃபர்ம்வேர். இரண்டும் சேர்ந்து ஓடும் என்று கம்பெனி சொன்னது. ஓடின. ஆனால் சில நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டு ரேடியோ விசித்திரமாக நின்றது: டவரோடு இணைப்பு அப்படியே இருக்கும், சிக்னல் நன்றாக இருக்கும், மானிட்டரில் பச்சை விளக்கு எரியும், டேட்டா மட்டும் ஒரு பைட் கூடப் போகாது. கரண்ட்டை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

"தம்பி, உன் போன்ல எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுத. எனக்கு பில்லு போட முடியல. சனிக்கிழமை ஆளு நிக்கி" என்று திசையன்விளைக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அண்ணாச்சியிடம் அடாப்டரைக் கழற்றி மாட்டச் சொன்னோம். சரியானது. அவர் அதையே வழக்கமாக்கிக்கொண்டார். பொறுமையான மனுஷன் என்பதால் எங்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பொறுமையை ஒரு சப்ளையரின் குறைக்காக நாங்கள் செலவழித்தோம் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டோம். முதல் பதில்: லேட்டஸ்ட் ஃபர்ம்வேர் போட்டீர்களா? போட்டோம். இரண்டாவது: ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். செய்தோம். மூன்றாவது: லைன் ஆஃப் சைட் (டவருக்கும் வீட்டுக்கும் நடுவே மறைப்பில்லாத நேர்பார்வை) இருக்கிறதா, படம் அனுப்புங்கள். படம் அனுப்பினோம். நான்காவது பதில் வேறோர் ஆளிடமிருந்து வந்தது. அவர் மறுபடி லேட்டஸ்ட் ஃபர்ம்வேர் போட்டீர்களா என்று கேட்டார். டிக்கெட் கைமாறும்போது முந்தையவர் எழுதியதை அடுத்தவர் படிப்பதில்லை. சில நாள் நாங்கள் பதில் போடத் தாமதித்தால் தானாகவே மூடிவிடுவார்கள், தீர்ந்தது என்ற முத்திரையோடு.

லைன் ஆஃப் சைட் என்று கேட்டதில் தவறில்லை. எங்கள் பக்கம் அது உண்மையிலேயே முக்கியம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் லிங்க் என்றால் நடுப்பாதையில் ஃப்ரெனல் மண்டலத்தின், அதாவது நேர்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவையான வெளியின், ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7 மீட்டர் அளவுக்கு, நேர்கோட்டுக்குக் கீழே எதுவும் தலைநீட்டக் கூடாது. டவர் உச்சி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தால் நடுவில் நிற்கும் பனையின் ஓலை ஆடிக்காற்றில் ஆடும்போது சிக்னலும் ஆடும். ஆனால் எங்கள் புகார் அந்த வகை இல்லை. சிக்னல் மைனஸ் 60 டி.பி.எம். சுற்றி அசையாமல் நிற்கிறது, டேட்டா மட்டும் நிற்கிறது. பாதையில் கோளாறு இருந்தால் சிக்னலில்தான் முதலில் தெரியும். அதை விளக்கி எழுதினோம். பதில் வந்த மொழியிலிருந்தே யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழில்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. சப்ளையரைக் குற்றம் சொல்வதற்கு முன் நம் பக்கத்துச் சந்தேகத்தையெல்லாம் நாமே தீர்த்துவிட வேண்டும். அதற்கு நாங்கள் நம்புவது ஒரே ஒரு சோதனை, இடமாற்றம். அடிக்கடி நிற்கும் வீட்டு ரேடியோவைக் கழற்றி, ஒழுங்காக ஓடும் வீட்டில் மாட்டு. அங்கிருந்ததை இங்கே மாட்டு. கோளாறு ரேடியோவோடு கூடவே போனால் ரேடியோ. அதே வீட்டில் தங்கிவிட்டால் கேபிள், அடாப்டர், எர்த், பக்கத்து டவரின் இடைஞ்சல் இதில் ஏதோ ஒன்று. எங்கள் அனுபவத்தில் வீட்டிலேயே தங்கிய கோளாறுகளில் பெரும்பாலானவை கேபிள்தான். சந்தையில் காப்பர் என்று விற்கப்படும் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். 24 வோல்ட் அனுப்பும் அடாப்டரில் நீளமான கேபிள் என்றால் ரேடியோவுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறைந்து, லோடு ஏறும்போதெல்லாம் அது தானாக அணைந்து எழும்பும். இதைச் சரிசெய்யாமல் டிக்கெட் போட்டால் சப்ளையர் நம் மேல் பழி போடுவார், அது நியாயமும்கூட.

எங்கள் கோளாறு ரேடியோவோடு போனது. புது ரிவிஷன் ரேடியோவோடு மட்டும்.

அடுத்து நாங்கள் மாற்றிக்கொண்டது, நின்ற உடனே ரீஸ்டார்ட் செய்கிற பழக்கத்தை. வாடிக்கையாளர் காத்திருக்கும்போது எந்தப் பையனும் முதலில் அணைத்துப் போடத்தான் செய்வான். அணைத்துப் போட்டால் நினைவகத்தில் இருந்த லாக் (நடந்ததை ரேடியோ எழுதிவைக்கும் குறிப்பு) எல்லாம் அழிந்துபோகும். கம்பெனியோ லாக் கேட்கும். எனவே ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் சிஸ்லாக் சர்வர் போட்டு, எல்லா ரேடியோவும் தன் லாக்கை உடனுக்குடன் அங்கே அனுப்பும்படி செய்தோம். டேட்டா நின்ற ரேடியோவே லாக்கை அனுப்ப முடியாதே என்று கேட்கலாம். சரிதான்; ஆனால் நிற்பதற்கு முந்தைய நிமிடம் வரை அனுப்பியிருக்கும், அந்த நிமிடத்தில்தான் விஷயம் இருந்தது. டவரின் பக்கமிருந்து அந்த ரேடியோவுக்குள் போக வழியிருந்தால், அணைப்பதற்கு முன் சப்போர்ட் ஃபைலை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

இதற்கும் பிறகு கம்பெனி அசையவில்லை. அசைத்தது எங்கள் ஒருவருடைய லாக் இல்லை, சேர்ந்து போட்ட கணக்கு. கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் பக்கம் இதே ரேடியோவை ஓட்டும் ஆபரேட்டர்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே டிக்கெட் போட்டு, ஒவ்வொருவருக்கும் "இப்படி ஒரு புகார் வேறு எங்கும் வரவில்லை" என்றே பதில் வந்திருந்தது. அந்த வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுபோல வந்ததைப் பார்த்ததும் வந்த கோபத்தை ஒரு அட்டவணையாக மாற்றினோம்: ரிவிஷன் எழுத்து, ஃபர்ம்வேர் எண், எவ்வளவு நாள் ஓடி நின்றது, எந்த ஸ்விட்ச் அல்லது ரௌட்டரோடு இணைத்திருந்தது, போர்ட் வேகம், ஃப்ளோ கன்ட்ரோல் உண்டா இல்லையா. அட்டவணையின் அந்தக் கடைசிப் பகுதியில்தான் விடை இருந்தது. நின்றவை கிட்டத்தட்ட எல்லாமே ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிய போர்ட்டில் மாட்டியவை. ஈதர்நெட்டில் "கொஞ்சம் பொறு" என்று எதிர்முனையை நிறுத்திவைக்கும் வசதி அது. புது சிப்பில் அந்த நிறுத்தத்திலிருந்து எழுந்திருக்கத் தெரியாத ஒரு பிழை. ரௌட்டர் பக்கம் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்தோம். நிற்பது கிட்டத்தட்ட நின்றுபோனது.

எல்லாருடைய பெயரிலும் ஒரே கடிதமாக, அட்டவணையோடு, சப்போர்ட்டுக்கு அனுப்பாமல் இந்தியாவுக்கான விற்பனைப் பொறுப்பாளருக்கு அனுப்பினோம். அடுத்த ஆர்டர் எல்லாரும் சேர்ந்து நிறுத்திவைத்திருக்கிறோம் என்றும் எழுதினோம். அதன் பிறகுதான் முதன்முறையாக ஓர் உண்மையான இன்ஜினியர் பேசினார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். அவரை முதலிலேயே எங்களிடம் விட்டிருந்தால் இரண்டு தரப்புக்கும் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். சப்போர்ட்டின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் கொடுத்த கேள்வித்தாளைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த வரிசையைத் தாண்டும் வழியைப் பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கும் மறைத்து வைத்திருக்கும் கம்பெனியிடம்தான் கோபம்.

திருத்திய ஃபர்ம்வேர் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி. எந்த ரிவிஷன், என்ன பிழை, எந்தச் சூழலில் என்று ஒன்றும் இல்லை. எங்களைப் போல இன்னும் எத்தனை ஊரில் எத்தனை பேர் அடாப்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்கு இந்த ஒரு வரியிலிருந்து என்ன தெரியும்? பிழை எல்லார் சரக்கிலும் வரும். அதை ஒப்புக்கொண்டு எழுதுவதற்குப் பணம் செலவாகாது. மறைத்தால் செலவு நம் தலையில்.

அந்தப் புது ஃபர்ம்வேரே இன்னொரு வினையைக் கொண்டுவந்தது. 5.6 கிகாஹெர்ட்ஸ் சுற்றி வானிலை ரேடார்கள் இயங்குகின்றன. அவற்றுக்கு இடைஞ்சல் வராதபடி, ரேடாரின் துடிப்பு கேட்டால் ரேடியோ அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், 30 நிமிடம் திரும்பி வரக் கூடாது, புதுச் சேனலிலும் 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும் என்பது பொதுவான முறை. புது ஃபர்ம்வேரில் அந்தக் காது மிகையாகக் கூர்மையாகிவிட்டது. பக்கத்துச் செக்டாரின் சத்தத்தையே ரேடார் என்று எடுத்துக்கொண்டு, எல்லாரும் டிவி பார்க்கும் ராத்திரி நேரத்தில் சேனல் மாறும். ஒரு முழு ஊரும் ஒரு நிமிடம் இருண்டுவிடும். அந்தப் பட்டையை விட்டு மேல்பட்டைக்கு மாறி ஒருவழியாகத் தப்பித்தோம்.

பட்டை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2018 அக்டோபர் வரை வெளியிடங்களில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இருந்தது 5.825 முதல் 5.875 வரை, வெறும் 50 மெகாஹெர்ட்ஸ். அந்த மாத அறிவிப்பில்தான் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்தார்கள். எங்களுக்கு அது ஒரு விடுதலை. ஆனால் ரேடியோவில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் பழைய 50 மெகாஹெர்ட்ஸ்தான் நெடுநாள் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன அட்டவணையைத் திருத்தி ஃபர்ம்வேரில் போட வேண்டிய வேலை. கேட்டபோது, வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். அப்படிச் செய்தால் பவர் வரம்பும் அந்த நாட்டுக்கானதாக மாறிவிடும். 5.725க்கு மேல் நமக்கு ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட், அதாவது 36 டி.பி.எம். அதைத் தாண்டினால் பொறுப்பு ரேடியோ விற்றவருக்கு இல்லை, டவரில் ஏற்றியவருக்கு. நாங்கள் செய்யவில்லை. எழுத்தில் தராத எந்த யோசனையையும் டவரில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு வைத்துக்கொண்ட விதி இன்னும் இருக்கிறது.

ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 2016 மே மாதத்தில் யுபிக்விட்டி ரேடியோக்களில் ஒரு வைரஸ் புழு பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைத்த ஃபர்ம்வேர் 2015 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. மைக்ரோடிக் ரௌட்டரில் அதன் நிர்வாக மென்பொருளான வின்பாக்ஸ் வழியாக இருந்த ஓட்டைக்கு 2018 ஏப்ரலில் திருத்தம் வந்தது. திருத்தம் போடாத ரௌட்டர்கள் அந்த வருடம் முழுக்க உலகெங்கும் கொத்துக் கொத்தாகப் பிடிக்கப்பட்டு, அவற்றின் வழியே போன வலைப்பக்கங்களில் பிறருக்காக கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் செருகிக்கொண்டிருந்தன. இரண்டிலும் கம்பெனி திருத்தம் கொடுத்துவிட்டது. ஆபரேட்டர்கள்தான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: போன தடவை போட்டபோது ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோயிருக்கும். ஒரு மோசமான அப்டேட் அன்றைய ராத்திரியைக் கெடுப்பதோடு நிற்காது. அடுத்து வரும் நல்ல அப்டேட்டையும் சந்தேகிக்க வைத்துவிடும். சப்ளையர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும் புதிய வசதிகளைத் தனியாகவும் வெளியிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பது இது. ஆபீஸ் மேஜையில் ஒவ்வொரு ரிவிஷனிலும் ஒரு ஜோடி ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். புது ஃபர்ம்வேர் முதலில் அங்கே. பிறகு எங்கள் சொந்தக்காரர் வீடுகள் இருக்கும் ஒரு சின்னச் செக்டார். ஒரு மாதம் போல ஓடிய பிறகு மற்றவை. வீட்டு ரேடியோ முதலில், டவர் ரேடியோ கடைசியில். முதலில் டவரை ஏற்றி வீடுகள் இணையாமல் போனால் வீடுகளுக்குப் புதியதை ஆபீஸிலிருந்தே போட வழி இருக்காது. பழைய ஃபர்ம்வேர் ஃபைல்களை நாங்களே சேர்த்துவைக்கிறோம், கம்பெனியின் தளத்திலிருந்து ஒருநாள் அவை காணாமல் போகும். ரேடியோக்களின் நிர்வாகப் பக்கம் பொது இணையத்துக்குத் தெரியவே கூடாது, தனி வி-லானில் (அதே கம்பியில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) மட்டும். இது ஒன்றைச் செய்திருந்தாலே ஃபர்ம்வேர் போடக் கொஞ்சம் நிதானிக்க நேரம் கிடைக்கும்.

வாரண்டி கதைக்கு வருகிறேன். கெட்ட ரேடியோவைச் சென்னை விநியோகஸ்தரிடம் அனுப்பினால், "கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம் சார், வந்ததும் சொல்றோம்" என்பார். வாரங்கள் போகும். திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒரு சீட்டோடு வரும்: சர்ஜ் டேமேஜ் (திடீர் மின்பாய்ச்சலில் கெட்டது), வாரண்டி கிடையாது. எங்கள் பக்கம் மின்னல் உண்டு, மறுக்கவில்லை. மின்னலில் போனது எது, சும்மா செத்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு போட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு புது இணைப்பிலும் மூன்று படம் எடுக்கச் சொன்னோம்: எர்த் கம்பி, சர்ஜ் புரொடக்டர், ரேடியோவின் சீரியல் ஸ்டிக்கர். டவர்களில் எர்த் மின்தடையை அளந்து தேதியோடு எழுதிவைத்தோம். அதே டவரில் அதே பைப்பில் இருந்த மற்ற ரேடியோக்கள் நலமாக இருக்க, ஒன்று மட்டும் மழையில்லாத மாசி மாதத்தில் செத்தால் அதற்குப் பெயர் சர்ஜ் இல்லை என்று படத்தோடு எழுதினோம். மாற்றித் தருவது அதன் பிறகு கூடியது. எல்லாவற்றுக்கும் தந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

உவரிப் பக்கம் இன்னொரு எதிரி உப்புக்காற்று. பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். உப்பு மூட்டத்துக்கான சோதனை வேறு. அதைச் செய்தீர்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்ட மாடலுக்குச் செய்யவில்லை. கடலோர வீடுகளில் ஆர்.ஜே.45 முனையில் பச்சைக் களிம்பு பிடித்து நூறு மெகாபிட் போர்ட் பத்துக்கு இறங்கிவிடும். கிரீஸ் தடவி, கேபிளை ஒரு வளையம் கீழே தொங்கவிட்டுக் கட்டினால் நீர் உள்ளே இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

சாம்பல் சந்தை சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு என்று சென்னை ரிச்சி தெருவில் பில் இல்லாமல் வாங்கும் ரேடியோவின் சீரியல் எண் வேறு நாட்டுக்கு விற்றதாக இருக்கும். வாரண்டி கேட்கும் நாளில்தான் அது தெரியவரும். இ.டி.ஏ. (கருவி வகைக்கான அரசு ஒப்புதல்) சான்றிதழ் நகலும், சீரியல் எண் ஒவ்வொன்றும் எழுதிய பில்லும் இல்லாமல் நாங்கள் சரக்கு எடுப்பதில்லை.

இணையத்தில் இருக்கும் கம்பெனியின் கிளவுட் கணக்கு வழியாக நிர்வகிக்கும் முறைக்கு அந்தக் கம்பெனி எங்களைத் தள்ளப் பார்த்தது, பிறகு அதற்கு ரேடியோவுக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணமும் வந்தது. பேக்ஹால் அறுந்த நேரத்தில் எங்கே அறுந்தது என்று பார்க்கும் திரையும் சேர்ந்து அணைந்துபோனால் அதை வைத்து என்ன செய்வது? சொந்தச் சர்வரில் ஓடும் மானிட்டரை விடவில்லை.

இப்போது அந்த வரிசை ரேடியோக்களின் தயாரிப்பையே நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்துவிட்டது. அடுத்த வரிசை பழைய வீட்டு ரேடியோக்களோடு பேசாது, 48 வோல்ட் வேறு கேட்கிறது. டவரில் இருக்கும் ஸ்விட்ச்களும் மாற வேண்டும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதே கம்பெனியிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு தீர்ந்தது. ஃபைபர் எட்டிய ஊர்களை ஃபைபருக்கே விட்டுவிடுகிறோம். மீதி டவர்களை இரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துக்கொடுப்பது என்று முடிவு. ஒரு டவருக்குள் கலக்கமாட்டோம். பயிற்சியும் உதிரியும் இரட்டிப்பாகும் என்பது தெரிந்தே செய்கிறோம்.

புது விநியோகஸ்தரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஐந்தாறு கேள்விகள் கொடுத்தோம். கெட்டதை நாங்கள் அனுப்பும் முன்பே மாற்று ரேடியோ வருமா? முதல் வரிசை சப்போர்ட்டைத் தாண்ட எத்தனை நாள்? ரிவிஷன் மாறினால் முன்கூட்டி எழுதித் தெரிவிப்பீர்களா? தயாரிப்பை நிறுத்தினால் எத்தனை வருடத்துக்கு ஃபர்ம்வேர் பாதுகாப்புத் திருத்தம்? இந்தியாவின் அலைவரிசை அட்டவணை இன்றைக்கு இருப்பதுதானா? மாற்று ரேடியோவுக்கும் ரிவிஷன் அறிவிப்புக்கும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். சப்போர்ட் நாள் கணக்குக்குக் கம்பெனியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை. சோதனைக்குக் கொடுத்த செக்டாரை உவரி டவரில்தான் ஏற்றியிருக்கிறோம், காற்றும் உப்பும் அங்கேதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் அது தாண்ட வேண்டும், அந்தப் பதிலும் எழுத்தில் வர வேண்டும். ஆர்டர் அதற்குப் பிறகு.